ஜன்னலைச் சாத்துங்க, அத்தை!

கோடை வந்துவிட்டால் புனேயின் வெப்பநிலையைச் சொல்ல ஓர் எண் போதாது. நாளிதழில் சிவாஜிநகருக்கு ஒன்று, பாஷாணுக்கு ஒன்று, லோஹேகாவுக்கு ஒன்று என்று வரிசையாகப் போடுவார்கள். புனேயின் விஷ்ராந்த்வாடிப் பகுதிக்காரர்களின் கண் லோஹேகாவ் எண்ணுக்குத்தான் போகும். விமானப்படைத் தளத்தை ஒட்டிய அந்த நிலையம்தான் அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது. பெரும்பாலான ஏப்ரல் நாட்களில் சிவாஜிநகரைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் அதுதான். பகலில் மட்டுமல்ல, இரவிலும்.

‘புனேயா? குளுகுளுன்னு இருக்குமே’ என்று ஊரில் சொல்லி அனுப்பியவர்கள் நவம்பரில் வந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம், சுற்றிலும் குன்றுகள், ஓய்வுபெற்றவர்களின் ஊர் என்ற பழைய பெயர் எல்லாம் உண்மைதான். 1897 ஏப்ரல் 30 அன்று இதே புனேயில் 43.3 டிகிரி பதிவானதும் உண்மை. 2019 ஏப்ரல் 28 அன்று சிவாஜிநகர் 43 டிகிரியைத் தொட்டது. இரண்டுமே ஏப்ரல் கடைசி என்பதைக் கவனியுங்கள். நம் காலண்டரில் அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் ஆரம்பிக்கும். ‘கத்திரி இன்னும் பிறக்கலையே’ என்று இங்கே காத்திருந்தால் உச்சம் தாண்டிப் போயிருக்கும். புனேக்கு ஏப்ரல்தான் கத்திரி.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவப் பணிமனை, திகியிலுள்ள பாதுகாப்பு ஆய்வகம் என்று வேலைக்கு வந்து இந்தப் பக்கம் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. விமான்நகர், கராடி ஐ.டி. அலுவலகங்களுக்காக டிங்ரே நகரிலும் தானோரியிலும் ஃபிளாட் எடுத்தவர்கள் அடுத்த அலை. இரு தரப்பு வீடுகளிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சின்னப் போர் நடக்கும். பேரப்பிள்ளைகளின் லீவுக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருப்பார்கள். காலை பதினோரு மணிக்கு, காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவைப்பார்கள்.

ஆலந்தி சாலைக்கு அருகே மூன்றாவது மாடி வீடு ஒன்றில் நான் கேட்ட உரையாடல் இது.

“அத்தை, ஜன்னலைச் சாத்திடுங்க. சாயங்காலமா திறந்துக்கலாம்.”

“சாத்தினா புழுங்காதா மாப்பிள்ளை? எங்க ஊர்ல வெயில் காலத்துல யாராவது ஜன்னலைச் சாத்துவாங்களா?”

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா சொன்னதில் பிழையில்லை. அவர் ஊருக்கு அது சரி. இந்த ஊருக்குத்தான் சரிப்படாது.

இரண்டு வெயில்கள்

தமிழ்நாட்டுக் கடலோரத்தின் வெயிலில் பாதி தண்ணீர். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது, உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே காற்றோட்டம்தான் மருந்து. திறந்த ஜன்னலும் மின்விசிறியும் ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். ராத்திரியிலும் வெளிக்காற்று பெரிதாகக் குளிராது என்பதால் எப்போது சாத்துவது, எப்போது திறப்பது என்ற கேள்வியே எழுவதில்லை.

தக்காணப் பீடபூமியின் ஏப்ரல் வெயில் காய்ந்த வெயில். பிற்பகலில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போவது இங்கே சாதாரணம். ஈரமில்லாத காற்று வேகமாகச் சூடேறும், அதே வேகத்தில் ஆறியும் போகும். மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் நடுவே பதினைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. விடியற்காலை 23 டிகிரிக் காற்றை வீட்டுக்குள் நிரப்பிக்கொண்டு, எட்டு எட்டரைக்குள் ஜன்னல்களைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டால், செங்கல்லும் தரையும் அந்தக் குளிர்ச்சியைப் பிற்பகல்வரை வைத்திருக்கும். பதினோரு மணிக்குத் திறந்தால் வெளியே காயும் 37 டிகிரியை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

எப்போது திறப்பது என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு வெப்பமானி கிடைக்கிறது. ஒன்றைக் கூடத்திலும் இன்னொன்றை நிழல் விழும் பால்கனியிலும் மாட்டுங்கள். வெளி எண் உள் எண்ணுக்குக் கீழே இறங்கிய நிமிடம் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். பெரும்பாலும் இரவு எட்டு மணியைத் தாண்டும். சூரியன் சாய்ந்த பிறகு மேற்கிலிருந்து வரும் காற்றுதான் புனேக்கு இன்னும் மிச்சமிருக்கும் வரம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால்தான் அது வீட்டுக்குள் ஓடும். கொசுவலை அடித்த ஜன்னலாக இருப்பது அவசியம். விஷ்ராந்த்வாடியில் இதற்கு ஒரு விலையும் உண்டு. லோஹேகாவில் இறங்கும் விமானங்களின் இரைச்சலும் காற்றோடு சேர்ந்து உள்ளே வரும். பழகிய வீடுகளில் டி.வி. சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கக் குழந்தைகள்கூடக் கற்றுவைத்திருக்கிறார்கள்.

தலைக்கு மேலே அடுப்பு

எந்தச் சுவர் அதிகம் சுடும் என்று கேட்டால் பலர் தெற்கு என்பார்கள். கோடையில் அப்படி இல்லை. புனே இருப்பது 18.5 டிகிரி வட அட்சரேகையில். மே நடுவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். தெற்குச் சுவருக்குக் கிடைப்பது சாய்ந்த, மெலிந்த வெயில்தான். முழு அடியையும் வாங்குவது மொட்டை மாடி. அதற்கு அடுத்தது பிற்பகல் வெயிலை நேராக வாங்கும் மேற்கு ஜன்னல்.

கான்கிரீட் சூட்டை உடனே விடாது. நண்பகலில் வாங்கியதை மெல்ல உள்ளே கடத்தி, நாம் அலுவலகம் முடிந்து வந்து உட்காரும் நேரத்தில் கொட்டும். மேல்மாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, விட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், சிமென்ட் காய்ச்சல்காரன் நெற்றியைப்போலக் கொதிக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. வானிலை நிலையத்தின் 42 டிகிரி என்பது தரைக்கு நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் எடுத்த அளவு. உங்கள் மொட்டை மாடிக்கு அந்த நிழல் கிடையாது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கூரையில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு என்று அடுக்கடுக்காக இருக்கும். புனேயின் கஸ்பா பேட்டையில் ‘வாடா’ என்னும் பழைய வீடுகளுக்குக் கனத்த மண்சுவரும் நடு முற்றமும் இருந்தன. இன்றைய ஃபிளாட்டுக்கு மெல்லிய ஸ்லாபும் அதன் மேல் ‘கோபா’ என்று இங்கே சொல்லும் செங்கல் துண்டுப் பூச்சும்தான். கோபா மழைநீர் கசியாமல் இருக்கப் போடுவது. அதன் மேல் வெள்ளை அடித்தால்தான் வெயிலுக்கும் உதவும். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இதற்கென்றே விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், வெள்ளை சைனா மொசைக் பதிக்கலாம். கையில் காசு இல்லையென்றால் சுண்ணாம்போடு கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடித்தாலே மேல்மாடி வீட்டுக்குள் சில டிகிரி இறங்கும். ஒரு மழைக்காலம் போனால் சுண்ணாம்பும் கரைந்து போய்விடும், அடுத்த மார்ச்சில் மறுபடி அடிக்க வேண்டும்.

சிக்கல் பெயின்ட் விலையில் இல்லை, சொசைட்டி மீட்டிங்கில் இருக்கிறது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சூடு மேல்மாடிக்காரருக்கு மட்டும். முதல் மாடிக்காரர் எதற்குப் பணம் தர வேண்டும் என்ற கேள்வி எல்லாக் கட்டடத்திலும் கிளம்பும். மழைக்கசிவுக்குப் பயந்து மொட்டை மாடி முழுக்கத் தகர ஷெட் போடும் வழக்கம் புனேயில் நிறைய. ‘பத்ரா’ என்பார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் ஸ்லாபுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட இடமிருந்தால் மேல்மாடிக்கு அதைவிட நல்ல குடை இல்லை.

மேற்கு ஜன்னலுக்கு ஒரே விதிதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. பால்கனியில் மூங்கில் தட்டி, பச்சை வலை, அதுவும் இல்லையென்றால் பழைய வேட்டி, எதுவானாலும் வெளிப்பக்கம் கட்டுங்கள்.

கூலர் என்னும் பெட்டி

சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்தவர்கள் இங்கும் அதை வேண்டாம் என்கிறார்கள். சென்னைக் கசப்பு நியாயமானது. 38 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்றால் கூலரால் காற்றை 32 டிகிரிவரை இறக்க முடியலாம். கூடவே அறை முழுக்க ஈரத்தை நிரப்பி, போர்வைகூட நமத்துப்போகும்படி செய்துவிடும். புனேயின் 40 டிகிரி, 20 சதவீதக் காற்று அதே பெட்டி வழியாகப் போனால் ஏறக்குறைய 27 டிகிரியில் வெளிவரும். காய்ந்த காற்றில் ஈரம் சேர்வதும் மூக்குக்கும் தொண்டைக்கும் இதமாகவே இருக்கும்.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கூலரின் வித்தை அவ்வளவுதான். ஒரு லிட்டர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஒரு யூனிட் மின்சாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். கூலருக்குத் தேவைப்படுவது இருநூறு வாட் அளவில்தான். ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஆயிரத்து ஐந்நூறு வாட் போகும். தொட்டியில் ஐஸ் கட்டி போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகி எடுக்கும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். அந்த ஐஸை மோரில் போட்டுக் குடிப்பது மேல்.

கூலரை அறை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சாத்திக்கொள்வது அடுத்த தவறு. அரை மணியில் அறை சென்னையாகிவிடும். கூலரின் முதுகு ஜன்னலை ஒட்டி வெளிக்காற்றை இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். மற்ற அறைகளைச் சாத்திவைக்கும் வீட்டில் கூலர் ஓடும் அறைக்கு மட்டும் இந்த விதிவிலக்கு. பேடுகளில் இரண்டு வகை. ‘காஸ்’ என்று கடைக்காரர் சொல்லும் மரச்சீவல் பேட் மலிவு, வருடா வருடம் மாற்ற வேண்டும். ஹனிகோம் பேட் சில வருடம் வரும். டேங்கர் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஊற்றினால் இரண்டிலும் வெள்ளையாக உப்புப் படியும், படிந்த இடத்தில் தண்ணீர் இறங்காது. வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் உப்பும் நாற்றமும் கொசுப்புழுவும் சேர்ந்தே போகும்.

தண்ணீர்தான் இதன் பலவீனம். பெரிய கூலர் மணிக்குப் பல லிட்டர் குடிக்கும். விஷ்ராந்த்வாடி, தானோரி, களஸ் பக்கத்துக்காகவே 2021 ஜனவரியில் பாமா ஆஸ்கேட் அணைத் தண்ணீர் வர ஆரம்பித்தது. அதன் பிறகும் கோடையில் டேங்கர் நுழையும் தெருக்கள் இருக்கத்தான் செய்கின்றன. காய்கறி, அரிசி கழுவிய தண்ணீர் கூலருக்கு ஆகாது, நாறிவிடும். அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரைக் கூலருக்கு மிச்சப்படுத்தலாம்.

ஏ.சி. இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடம் தேவையில்லை. புது ஏ.சி.கள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியில்தான் தானாக ஆரம்பிக்கின்றன. கூடவே மின்விசிறியை ஓடவிட்டால் 26, 27 போதும். ஒன்று மட்டும். உங்கள் ஏ.சி. வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக விழுகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

வேர்க்காத வெயில்

“இங்க வேர்க்கவே இல்ல, பாருங்க” என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். வேர்க்கிறது. தோலுக்கு வந்த உடனே காய்ந்து போகிறது, அவ்வளவுதான். சட்டை நனையாததால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போவதும், உதடு வெடிப்பதும், மாலையில் காரணமில்லாமல் தலை வலிப்பதும்தான் அடையாளம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள், கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தானாக நிறுத்தக் கூடாது.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அறைக் காற்று அதைவிட அதிகமாகிவிட்டால் விசிறி உடம்புக்குள் சூட்டைத்தான் தள்ளுகிறது. நாற்பதைத் தாண்டினால் விசிறியை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கை, கழுத்து, முகத்தை நனைத்துக்கொண்டு அதே விசிறியின் கீழே உட்காருங்கள், கணக்கு மாறிவிடும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்கும் பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும்.

மண்பானையும் இங்கேதான் தன் முழுத் திறமையைக் காட்டும். அதே பானை சென்னையில் ஓரளவு குளிரும், புனேயில் பல்லில் படும். நீர்மோர், பானகம் நம் வீட்டிலிருந்து. பச்சை மாங்காயை வேகவைத்து வெல்லம், ஏலக்காய் சேர்க்கும் பன்ஹே, கொங்கணத்துக் கோகம் சர்பத் பக்கத்து வீட்டிலிருந்து. நுங்கும் வரும், தாட்கோளா என்று கேட்க வேண்டும். ஊரில் வாங்கும் விலையை மட்டும் நினைத்துப் பார்க்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இவை எதுவும் போதாது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஈரவெயிலை இளக்காரமாக நினைத்து நான் எழுதவில்லை. 2023 ஏப்ரல் 16 அன்று, நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர பூஷண் விருது விழாவுக்கு லட்சக்கணக்கானோர் திறந்த மைதானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர். இரண்டு நாளும் வெப்பநிலை நாற்பதைத் தொடவில்லை. சமவெளியில் நாற்பது டிகிரி இருந்தால்தான் வெப்ப அலை என்று பேச்சையே தொடங்குகிறது வானிலைத் துறையின் அளவுகோல். உடம்பு ஈரப்பதத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது.

வெயிலில் இருந்தவர் குழறிப் பேசினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 108-ஐ அழையுங்கள், ஆனால் வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தகரத்தின் கீழே

இதுவரை சொன்ன எல்லாமே ஸ்லாப் போட்ட வீட்டுக்காரர்களுக்கு. விஷ்ராந்த்வாடி சௌக்கிலிருந்து எரவாடா நோக்கிப் போனால் ஃபுலேநகர் பக்கம் பத்ரா போட்ட ஒற்றை அறை வீடுகள் வரிசையாக வரும். தானோரியில் எழும் புதுக் கட்டடங்களின் காலடியில் தொழிலாளர்கள் தங்குவதும் தகரக் கொட்டகையில்தான். தகரம் சூட்டைத் தேக்கிவைப்பதில்லை, வாங்கிய கையோடு கீழே விடும். அந்த அறையில் கதவைச் சாத்தினால் வெந்துபோக வேண்டியதுதான். ‘ஜன்னலைச் சாத்துங்க’ என்று அங்கே யாரும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது கூரையைப் பற்றி. தகரத்துக்கு வெள்ளை பெயின்ட், அதற்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுப் பச்சை வலை, உள்ளே மூங்கில் பாயில் ஒரு விதானம். இதில் எந்த ஒன்றும் உதவும். வெளியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிப் போக அந்த அறைதான் இருக்கிறது. அவர்கள் நம் வீட்டில் நான்கு மணிவரை உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை.

அரசாணைகளும் வராமல் இல்லை. 2010 மே மாத வெப்ப அலையின்போது ஆமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் அதிகம் நிகழ்ந்தன. அதற்குப் பிறகு 2013-இல் அந்நகர மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுதான் முதல். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது. இறந்த பிறகு தரும் நான்கு லட்சத்தில் எத்தனை தகரக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மே பாதி தாண்டியதும் புனேயில் மாலை இடி இடித்து ‘வளீவ்’ என்னும் கோடை மழை விழத் தொடங்கும். காற்றில் ஈரம் ஏறும். அன்றிலிருந்து கூலர் செல்லாது, பகலில் சாத்திய வீடு நிஜமாகவே புழுங்கும். அப்போது மயிலாடுதுறை முறைதான் சரி: ஜன்னல்களைத் திறந்து, விசிறியை வேகமாக வையுங்கள். பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம். 2025-இல் மே 26 அன்றே வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. எந்தத் தேதியானாலும், கூலரை மூடிவைக்கும் முன்பு அடித்தொட்டியின் மூடியைக் கழற்றிக் கடைசிச் சொட்டுவரை வடித்து, பேடைக் கழற்றி ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பம்பைத் துடைத்து எடுத்துவையுங்கள். மழைக்காலத்தில் டெங்குக் கொசு தேடுவது இரண்டு அங்குலம் நின்ற தண்ணீரைத்தான்.